இலக்கம் பதினான்கு: உப்புக்கட்டி ஒன்று

அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மதினியின் வாயால் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது மேல். பெயர் சாஹுல் ஹமீது. கற்பிட்டியில் ஓட்டோ ஓட்டுகிறேன். புத்தளத்துக்கு ஹயர் போன ஒரு நாள், பஸ் நிலையத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் ஒரு தாளைத் திணித்துக்கொண்டிருந்தார். "உங்கள் வீட்டில் ஒரு விஞ்ஞானி உறங்குகிறாரா? எழுப்புங்கள்! அரசாங்கம் கைகொடுக்கும்!" என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே 'கரையோரக் கண்டுபிடிப்பாளர் ஊக்குவிப்பு நிலையம்' என்று போட்டு, சிங்கமா பூனையா என்று தெரியாத ஒரு முத்திரை. எங்கள் வீட்டில் யாரும் உறங்கவில்லை. மதினி சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி மீன் வெட்ட உட்காருகிற மனுஷி. ஆனாலும் புத்தி கெட்டுப்போய் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மதினி என்றால் என் கூடப்பிறந்த நானா ஹயாத்து முகம்மதுவின் பெண்சாதி ஷஃபீனா. நானா கடலுக்குப் போகிறார். மதினி கருவாடு போடுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில், முற்றத்தில் மீன் காயப்போடும் தட்டி நிறையக் கட்டாவும் நெத்தலியும் காய்ந்துகொண்டிருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் மழை இறங்கியது. மூடுவதற்குத் தார்ப்பாய்ப் படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிய மதினி மீன் கழுவும் சீமெந்துத் திட்டில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், ஓட முடியாது. கருவாட்டுக்காரிக்கு நடக்க முடிந்தால் மட்டும் போதாது. மழை நடந்து வருவதில்லை. அந்த வருடம் மூன்று தடவை தட்டி நனைந்து, புழு வைத்து, எல்லாவற்றையும் கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்தோம். மதினி அழவில்லை. ஒரு வாரம் யாரோடும் கதைக்காமல் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் என் பழைய சைக்கிளின் இரண்டு ரிம்மையும் கழற்றித் தரச் சொன்னார்.

அப்படிப் பிறந்ததுதான் 'மூடி'. தட்டிக்கு மேலே, ஆள் குனிந்து நிற்கிற உயரத்துக் கால்களில், ஒரு தலைப்பில் படங்கைச் சுருட்டி வைத்திருக்கும். அதை மறு தலைப்புக்கு இழுக்க இரண்டு கயிறு, கயிறுகள் ஓட இரண்டு ரிம், கயிற்று நுனியில் இரண்டு மணல் மூட்டை. மூட்டைகள் விழாமல் ஒரு கொக்கி பிடித்திருக்கும். அந்தக் கொக்கியைப் பிடித்திருப்பது ஒரு உப்புக்கட்டி. தூள் உப்பை இலேசாக நனைத்து, வட்டிலப்பம் அவிக்கிற சின்னக் கிண்ணத்தில் அமுக்கி, வெயிலில் காயவைத்து எடுத்த கட்டி. அதற்கு மேலே தண்ணீர்க் கேனை வெட்டிச் செய்த பெரிய புனல். மழை தூறினால் புனல் அதைத் திரட்டி உப்பின் மேல் விடும். உப்புக் கரையும், கொக்கி நழுவும், மூட்டை விழும், படங்கு சர்ரென்று ஓடி வந்து கருவாட்டை மூடிவிடும். இரண்டு நிமிடம். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம், ஓடவும் வேண்டாம். மழை விட்ட பிறகு புதிதாக ஒரு கட்டியை வைத்தால் முடிந்தது. போன வருட மழைக்கு ஒரு நெத்தலிகூட நனையவில்லை.

இதைக் கண்ணால் பார்த்த பெருமையில்தான் நான் அந்தத் தாளை மதினியிடம் நீட்டினேன்.

"எனக்கு என்னத்துக்கு ஹமீது இதெல்லாம்? மூடி வேல செய்யிது. அது போதும்" என்றார்.

"அரசாங்கம் உதவி செய்யும் மதினி. இன்னும் நாலு தட்டிக்குப் போடலாம்."

நாக்கு என்று ஒன்றை அல்லாஹ் எனக்கு ஏன் கொடுத்தானோ தெரியவில்லை.

விண்ணப்பம் பதினேழு பக்கம். அதை நிரப்ப உதவி செய்ய நிலையத்திலிருந்து பிரியந்தினி என்ற உத்தியோகத்தர் வந்தார். வண்ணாத்திவில்லு ஊர்ப் பிள்ளை. நல்ல மாதிரி; மேலிடம் எழுதி அனுப்பியதை வாசிக்கும்போது கொஞ்சம் வெட்கப்படுகிற பழக்கம் மட்டும் இருந்தது.

ஆறாவது கேள்வி: "உங்கள் கண்டுபிடிப்பு இதற்கு முன் வெற்றிகரமாக இயங்கியுள்ளதா? ஆம் எனில் அது புதிய கண்டுபிடிப்பாகக் கருதப்பட மாட்டாது. இல்லை எனில் அது இயங்கும் என்பதற்கான ஆதாரத்தை இணைக்க." பதினோராவது கேள்வி: "கண்டுபிடிப்பதற்கு முன்னர் கண்டுபிடிப்பதற்கான அனுமதி பெறப்பட்டதா?"

"கண்டுபுடிக்கிறத்துக்கு முன்னாடி என்னத்தக் கண்டுபுடிக்கப் போறேன்டு எனக்கு எப்படி மிஸ் தெரியும்?" என்று மதினி கேட்டார்.

பிரியந்தினி தரையைப் பார்த்தார். "எல்லாரும் 'பரிசீலனையில் உள்ளது' எண்டுதான் போடுறாங்க அக்கா."

போட்டோம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு உறுதிமொழி இருந்தது: மதிப்பீடு முடியும்வரை விண்ணப்பதாரர் அதே பொறியை மறுபடி செய்யக்கூடாது, செய்தால், அரசின் பரிசீலனையில் உள்ள கண்டுபிடிப்பைத் திருட்டுத்தனமாகப் பிரதி செய்ததாகக் கருதப்படும். தான் செய்ததைத் தானே திருட முடியும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. வாசிக்காமல் கையெழுத்து வைத்தார் மதினி. வாசிக்காமல் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆடி மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது. கற்பிட்டியில் ஆடி மாதம் என்றால் காற்று மண்ணை அள்ளி வாய்க்குள் போடும். மழை மட்டும் வராது. பணிப்பாளர் நிக்கொலஸ் வாகனத்திலிருந்து இறங்கி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, வானத்தை நாலு பக்கமும் பார்த்தார். கருவாட்டு வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"மழை எங்கே?" என்று கேட்டார்.

மதினி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சேர், மழ ஐப்பசியிலதான் வரும்."

"மதிப்பீட்டுக் காலம் ஆடி முதலாம் திகதியிலிருந்து முப்பத்தோராம் திகதிவரை" என்றார் பணிப்பாளர், மழைக்கும் கேட்கட்டும் என்ற மாதிரி. "விண்ணப்பதாரர் தேவையான உபகரணங்களை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம்."

பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் ஸ்ப்ரிங்க்லர் சுழன்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் காலில் விழாத குறையாகக் கேட்டு, குழாயோடு இழுத்து வந்து தட்டிக்கு மேல் பிடித்தேன். புனல் நிறைந்தது. உப்புக் கரைந்தது. கொக்கி நழுவியது. மூட்டைகள் தொப்பென்று விழ, படங்கு ஓடி வந்து மூடிக்கொண்டது. பிரியந்தினி தன்னை மறந்து கைதட்டிவிட்டு, பணிப்பாளர் தட்டவில்லை என்று கண்டதும் கையை இறக்கினார்.

குழுவில் வந்த ஒருவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "இது தண்ணீர். மழை என்று எப்படிப் பதிவது?"

கால் மணித்தியாலம் விவாதித்தார்கள். கடைசியில் 'மழைக்குச் சமமான தண்ணீர்' என்று எழுதி, அதற்குக் கிராம சேவகரிடம் ஒரு அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொன்னார்கள். பிறகு பணிப்பாளர் மீன் கழுவும் திட்டில் ஏறி நின்று, நான்கு பூனைக்கும் மதினிக்கும் எனக்கும் உரையாற்றினார்.

"அன்பார்ந்த புத்தாக்கக் குடும்பத்தினரே! கண்டுபிடிப்பாளர்கள் இல்லாத நாடு முன்னேறாது. அதனால்தான் நாங்கள் கண்டுபிடிப்பாளர்களைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறோம். சென்ற ஆண்டு இருநூற்றுப் பதினொரு கண்டுபிடிப்புகளை எங்கள் நிலையம் பாதுகாப்பாக எடுத்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட வெளியே போகவில்லை என்பதைப் பெருமையுடன் அறியத் தருகிறேன்!"

நான் கைதட்டினேன். அவர் சொன்னது என்ன என்று அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

'தன்னியக்க மழைவீழ்ச்சி உணர் கடலுணவுப் பாதுகாப்புப் பொறிமுறை' முதற்கட்டத்துக்குத் தெரிவாகிவிட்டது என்றார்கள். முப்பது நாள் அவதானிப்புக்காக அதைப் புத்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். லொறி ஏற்கெனவே தெருவில் நின்றது. தட்டி, கால், படங்கு, ரிம், மூட்டை, கயிறு, வட்டிலப்பக் கிண்ணம், மதினி புதிதாக எடுத்து வைத்த உப்புக்கட்டி உட்பட எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஊக்குவிப்பாக மதினி கையில் ஒரு குடையைக் கொடுத்தார்கள். நிலையத்தின் முத்திரை குத்திய குடை. படம் எடுத்தார்கள். படத்துக்காக மதினி குடையை விரிக்கப் பார்த்தார், அது விரியவில்லை. விரியாமலே எடுத்துக்கொண்டார்கள்.

"முப்பது நாள்தானே மதினி" என்றேன். அவர் லொறி போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பது நாள் போனது. அறுபது நாளும் போனது. புரட்டாசியில் ஒரு கடிதம் வந்தது. பரிசுக் கடிதம் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்.

"இந்நிலையத்தின் இருப்புப் பதிவேட்டில் இலக்கம் பதினான்காகப் பதியப்பட்ட 'உப்புக்கட்டி ஒன்று' கடந்த வியாழக்கிழமை காலை முதல் காணாமற் போயுள்ளது. கண்டுபிடிப்பாளர் என்ற வகையில் தாங்கள் இது தொடர்பாக நேரில் தோன்றி விளக்கமளிக்குமாறு பணிக்கப்படுகிறீர்கள்."

"புதன்கிழம ராவு புத்தளத்தில மழையாம். ஓட்டோ ஸ்டேண்டில சொன்னாங்க" என்றேன்.

மதினியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "அப்ப மூடி வேல செஞ்சி ஈக்கிது!"

"வேல செஞ்சதுக்குத்தான் விசாரண" என்றேன்.

விசாரணைக்கு நான்தான் ஓட்டோவில் கூட்டிப்போனேன். நிலையத்தின் முற்றத்தில் மூடியைப் பார்த்ததும் மதினி நின்றுவிட்டார். உடம்பெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டில் எண். படங்குக்கு 1, ரிம்களுக்கு 2, 3, மணல் மூட்டைகளுக்கு 4, 5, கயிறுகளுக்கு 6, 7 என்று கிண்ணம்வரை எழுதியிருந்தார்கள். மணலைக்கூட நிறுத்துப் பதிந்திருந்தார்கள். மதினி தகடு வைத்த காலை இழுத்து இழுத்து அதன் கிட்டப் போய், ரிம்மை ஒரு தரம் தடவிவிட்டு வந்தார். 

விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கதிரை. நடுக் கதிரையில் நிக்கொலஸ். ஓரத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் பரமலிங்கம் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடப்பூர்க்காரர், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதத்தையும் வாயைத் திறக்காமல் கழித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

"இலக்கம் பதினான்கு எங்கே?" என்றார் பணிப்பாளர்.

"கரஞ்சி போச்சி சேர்."

"மிச்சம்?"

"மிச்சமில்ல சேர். உப்பு."

"அரச சொத்து ஒன்று முழுமையாக இல்லாமல் போவதற்கு நடைமுறை இருக்கிறது. முதலில் அது பழுதடைய வேண்டும். பிறகு பழுதடைந்ததாக அறிவிக்கப்பட வேண்டும். உங்கள் உப்பு இந்த இரண்டையும் செய்யாமல் நேரடியாகக் கரைந்திருக்கிறது."

"கரையத்தானே சேர் அத வெச்சது? கரையாட்டி மூடி மூடாது."

பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படவில்லை; வருத்தப்பட்டார். "அம்மா, நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் பொறி இயங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் அரசாங்கம் ஒரு பொருளை இழக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் கண்டுபிடிப்புகளுக்கு எதிரானவர்கள் அல்ல. ஆனால் பதிவேடு இருக்கும்வரை கரைவதை அனுமதிக்க முடியாது. நான் இங்கே பதினொரு வருடமாகப் பணிப்பாளராக இருக்கிறேன். இந்தப் பதினொரு வருடத்தில் இங்கே எதுவும் கரைந்ததில்லை, தேய்ந்ததில்லை, ஓடியதில்லை."

பரமலிங்கம் அண்ணன் இதையும் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு இப்படி: மதினிக்கு எழுத்துமூல எச்சரிக்கை, உப்புக்கட்டிக்குப் பதிலாக அதே அளவில் ஒரு சீமெந்துக் கட்டி, அதற்குப் பதினான்கு என்று எண். சீமெந்துக் கட்டியும் களவு போய்விடாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். மூடியைக் களஞ்சியத்துக்குள் தள்ளி அதையும் பூட்டினார்கள்.

"சேர்" என்றார் மதினி.  "ஐப்பசி மழ வரப்போவுது. என்னால ஓடேலாது. நனஞ்சா இந்த வருஷம் எங்களுக்கு ஒண்டுமில்ல. பரிசு வேணாம், உதவி வேணாம். எண்ட மூடியத் தந்துடுங்க."

"எப்படித் தருவது? நன்றாக இயங்கும் ஒரு அரச பொருளை வெளியாருக்குக் கொடுக்கச் சுற்றறிக்கையில் இடமில்லை."

"நான் வெளியாளா சேர்?"

"கண்டுபிடித்தது நீங்கள். பதிந்தது நாங்கள்."

இன்னொன்றைச் செய்து போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒன்பதாம் பக்கம். அதைச் சரிபார்க்க மாதம் இருமுறை நிலையத்தின் வாகனம் கற்பிட்டிக்கு வந்து எங்கள் முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மூடியைத் திருப்பித் தர அதே வாகனத்துக்கு ஒருநாளும் டீசல் இருக்கவில்லை.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறப்போகும்போது பரமலிங்கம் அண்ணன் வெற்றிலை துப்புகிற சாட்டில் எங்கள் பக்கம் வந்தார். மதிலைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"தங்கச்சி, இஞ்ச ஓடுற சாமான் வெளியில போகாது. ஓடாத சாமான் போகும்."

"என்னா சொல்லுறீங்க?"

"கழிவுப் பொருள் குழு எண்டு ஒண்டு இருக்கு. ஐப்பசி பத்தாம் தேதி கூடும். அவங்க பார்த்து, இது இயங்காது எண்டு கையெழுத்து வச்சா, குப்பை. குப்பையை எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தா நாங்க சந்தோசமாக் குடுப்பம். ஒன்பதாம் பக்கமும் அதோட செத்துப்போகும். இயங்காத சாமானை ஒருத்தரும் களவாப் பிரதி பண்ண ஏலாதுதானே? ஆனா கண்டுபிடிச்ச ஆளே எழுதிக் குடுக்கோணும், இது வேலை செய்யாது எண்டு."

அன்று பின்னேரம் வீட்டில் மதினி பேனாவையும் தாளையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிக் கடிதம். 'நான் செய்த இந்தப் பொறி இயங்காது' என்பது முதல் வரி. எழுதி, வெட்டி, மறுபடி எழுதினார். கால் உடைந்தபோதும் கருவாட்டைப் புதைத்தபோதும் அழாதவர் அப்போது அழுதார்.

"பொய் எழுதச் சொல்லுறாங்க ஹமீது. எண்ட கையாலயே எழுதச் சொல்லுறாங்க."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. என் நாக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நல்லபடி நடந்துகொண்டது.

ஐப்பசி பத்தாம் திகதி போனோம். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றையும் பெட்டியோடு பிடித்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். கழிவுக்குப் போகிற சாமான்களையெல்லாம் முற்றத்தில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். தேங்காய் உரிக்கிற பொறி, வெங்காயத் தாள் அறுக்கிற பொறி, இன்னும் எத்தனையோ. எல்லாம் யாரோ வீட்டில் நன்றாக ஓடியவைதான். கடைசியில் மூடி.

ஆனால் அங்கே ஒரு தடை. கணக்காய்வு உத்தியோகத்தர் ஒருவர் பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "பதினான்கு, உப்புக்கட்டி என்று எழுதியிருக்கிறது. இருப்பது சீமெந்துக் கட்டி. குறைபாடுள்ள பொருளைக் கழிக்க முடியாது. கழிப்பதற்கு முன் அது முழுமையாக இருக்க வேண்டும்."

ஆக, இயங்காது என்று எழுதுவதற்காக மூடியை முதலில் இயங்க வைக்க வேண்டியதாயிற்று. நல்ல காலம், மதினியின் கைப்பைக்குள் லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு உப்புக்கட்டி இருந்தது. பழக்கதோஷம். முறைப்படி மூடியைப் பொருத்தச் சொன்னார்கள். மதினி படங்கைச் சுருட்டி, மூட்டைகளைத் தூக்கிக் கட்டி, கொக்கியை மாட்டி, உப்பை வைத்தார். பழக்கப்பட்ட கை, மூன்று நிமிடம் ஆகவில்லை. பரமலிங்கம் அண்ணன் உப்பின் மேல் 14 என்று எழுதப் பார்த்தார். பெயின்ட் ஒட்டவில்லை.

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். களப்புக் கடல் பக்கம் வானம் கறுத்துப்போய்க் கிடந்தது.

மதினியும் பார்த்தார்.  மழை வந்தால் மூடி வேலை செய்யும். எல்லார் கண்ணுக்கும் முன்னால் வேலை செய்தால் அது மறுபடி களஞ்சியத்துக்குள் போகும். பிறகு மதினி மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை வெளியே வராது. மழைக்காகவே ஒரு பொறியைச் செய்த மனுஷி, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, மழை வேண்டாம் என்று துஆக் கேட்டார். "யா அல்லாஹ், அர மணித்தியாலம். அர மணித்தியாலம் மட்டும் பிடிச்சி வெச்சிக்க."

குழு தேங்காய்ப் பொறியிலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் பணிப்பாளர் ஒரு சிற்றுரை ஆற்றினார். மூடிக்கு வரும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

"இயங்குகிறதா?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"இயங்காது சேர்" என்றார் மதினி. 

மழை கொட்டியது. குழுவினர் தங்கள் குடைகளை எடுத்தார்கள். எல்லாம் நிலையத்தின் முத்திரை குத்திய குடைகள். ஒன்றும் விரியவில்லை. பணிப்பாளர் தன் குடையை முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தார், கம்பி வளைந்தது. கட்டடம் முற்றத்தின் அந்தத் தொங்கலில், தூரத்தில் இருந்தது. கோப்புகள் நனைகின்றன என்று யாரோ கத்தினார்கள். அந்த நேரம் புனல் நிறைந்து வழிந்தது, கொக்கி 'டக்'கென்று நழுவியது, மூட்டைகள் விழுந்தன, படங்கு சர்ரென்று ஓடிப்போய்த் தட்டியை மூடியது.

பணிப்பாளர், கணக்காய்வாளர், பிரியந்தினி, பரமலிங்கம் அண்ணன் எல்லாரும் கோப்புகளோடு அதற்குக் கீழே புகுந்தார்கள். தட்டியில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, குனிந்தபடி நின்றார்கள். நானும் மதினியும் வெளியே நனைந்துகொண்டு நின்றோம். மதினி கண்ணை மூடியிருந்தார். எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

பணிப்பாளர் தலைக்கு மேலிருந்த படங்கைப் பார்த்தார். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். கீழே கோப்புகளைத் தடவிப் பார்த்தார். படங்கு மூடிய பிறகு ஒரு தாளில்கூட ஒரு துளி விழவில்லை.

"ஓ" என்றார். பிறகு பிரியந்தினியிடம் திரும்பினார். "அறிக்கை?"

"நேற்றே டைப் பண்ணியாச்சு சேர்."

"என்னவென்று?"

"இயங்கவில்லை எண்டு சேர்."

பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மழை படங்கில் அடித்துக்கொண்டிருந்தது.

"டைப் பண்ணியதை மாற்றுவதென்றால் குழுவை மறுபடி கூட்ட வேண்டும்" என்றார். "அதற்கு அடுத்த வருடம்தான் திகதி கிடைக்கும்." பேனாவை எடுத்து, கோப்பு நனையாத இடத்தில் வைத்துக் கையெழுத்திட்டார். கணக்காய்வாளரும் இட்டார். இருவரின் கையெழுத்தும் மை கலையாமல் விழுந்தது.

"நண்பர்களே" என்றார் பணிப்பாளர், குனிந்தபடியே. "தோல்வியடையும் கண்டுபிடிப்புகளைக் கண்டு நாம் மனம் தளரக்கூடாது. இன்று இந்தப் பொறி இயங்கவில்லை. ஆனால் ஒருநாள், எங்கள் நிலையத்தின் ஊக்குவிப்பால், இப்படிப்பட்ட மழையிலும் மனிதர்களையும் பொருட்களையும் நனையாமல் காக்கும் ஒரு பொறி இந்த மண்ணில் பிறக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்."

படங்குக்குக் கீழே எல்லாரும் கைதட்டினார்கள். இடம் போதாததால் மெதுவாகத் தட்டினார்கள்.

மழை விட்டதும் கணக்காய்வாளர் மறுபடி பதிவேட்டில் விரலை வைத்தார். "பதினான்கு எங்கே?"

 பரமலிங்கம் அண்ணன் பதிவேட்டை அவருடைய விரலுக்குக் கீழேயிருந்து மெல்ல இழுத்து மூடினார். "கையெழுத்து வச்சாச்சு சேர். இனி அது எங்கட சாமான் இல்லை. கரைஞ்சா அவங்கட குப்பை கரைஞ்சது."

மூடியை லேண்ட்மாஸ்டரில் ஏற்றினோம். சான்றிதழின் மூலப் பிரதியை மதினி நனையாமல் அபாயாவுக்குள் வைத்துக்கொண்டார்.  அடுத்த நாள் தட்டி நிறையக் கட்டா போட்டார். அன்று பின்னேரமே மழை வந்தது. நான் பதறி ஓடினேன். மதினி உள்ளே உட்கார்ந்து பாணைத் தேயிலையில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே மூட்டைகள் விழுகிற சத்தம் கேட்டதும், எழும்பாமலே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்த மாதமே கடற்கரையில் இன்னும் பதினொரு மூடி முளைத்தன. மதினியே ஒவ்வொரு வீடாகப் போய்ச் செய்து கொடுத்தார். ரிம் தேடித் தேடி என் கூட்டாளிமாரின் சைக்கிளெல்லாம் ஊனமாயின. ஒவ்வொரு மூடியின் காலிலும் அந்தச் சான்றிதழின் போட்டோப் பிரதி ஒன்றை லெமினேட் பண்ணிக் கட்டச் சொன்னார். 'பரிசீலிக்கப்பட்டது. இயங்காது. ஒப்பம்: பணிப்பாளர்.' நிலையத்தின் வாகனம் ஒரு தடவை வந்தது. எட்டிப் பார்த்து, காலில் கட்டியிருந்ததை வாசித்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிப் போனது.

கார்த்திகை முடிவில் பிரியந்தினி தனியாக வந்தார். கையில் புதிய துண்டுப்பிரசுரக் கட்டு. அடுத்த வருடத் திட்டமாம், இந்தத் தடவை விண்ணப்பம் இருபத்திரண்டு பக்கமாம். அவர் வாசலில் நிற்கும்போதே கடல் பக்கமிருந்து ஒரு மழை இரைந்துகொண்டு வந்தது. அவருடைய கண்ணுக்கு முன்னால் கரை நெடுக மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பன்னிரண்டு படங்கும் ஓடி ஓடி மூடிக்கொண்டன. ஒரு பெண்ணும் ஓடவில்லை.

மதினி நிதானமாகச் சொன்னார்: "இதெல்லாம் வேல செய்யாது மிஸ். சேரே கையெழுத்து வெச்சி ஈக்கிறாரு."

"ஓம் அக்கா, தெரியும். நான்தான் டைப் பண்ணினது" என்றார் பிரியந்தினி.  பிறகு பிரசுரக் கட்டைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, எங்கட அம்மா வண்ணாத்திவில்லுல மிளகாய் காயப்போடுறவங்க. மழைக்கு ஓடி ஓடிக் களைச்சுப்போறாங்க. இப்பிடி வேலை செய்யாதது ஒண்டு எங்களுக்கும் செஞ்சு தர ஏலுமா?"